போனோடு வந்த ஆப்கள்: எதை நீக்க முடியும், எதை முடக்கத்தான் முடியும்

எங்கள் தெருவில் மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். இருட்டோடு காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, எட்டு மணிக்கெல்லாம் தண்டையார்பேட்டையில் கடை போட்டுவிடுவார். போன மாதம் ஒரு நாள் மதியம் கையில் போனோடு வந்து நின்றார். "தம்பி, இதுல நான் ஒண்ணுமே போடலப்பா. வாட்ஸ்அப்பு, காசு வாங்குற ஆப்பு, பாட்டு, அவ்ளோதான். எடம் இல்ல எடம் இல்லன்னே காட்டுது. காலைல ஒருத்தர் காசு போட்டேன்னாரு. வந்துச்சா வரலயான்னே தெரியாம மீனைக் குடுத்து அனுப்பினேன்."

32 ஜிபி போன். வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவராகப் போட்டவை மூன்று செயலிகள்தான். ஆனால் திரையைத் தள்ளத் தள்ள ஐகான் வந்துகொண்டே இருந்தது. கேம்கள், செய்தி ஆப், ஷாப்பிங் ஆப், இரண்டு பிரவுசர், இரண்டு கேலரி, பிளே ஸ்டோர் தவிர இன்னொரு ஆப் ஸ்டோர், லாக் ஸ்கிரீனில் தினமும் படம் மாற்றிக் காட்டும் ஒன்று. ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தேன். சிலவற்றுக்கு 'அன்இன்ஸ்டால்' என்று வந்தது. சிலவற்றுக்கு 'டிசேபிள்' மட்டும். இன்னும் சிலவற்றுக்கு அந்தப் பட்டனும் மங்கிப்போய், தொட்டால் அசையவே இல்லை.

இந்த மூன்று விதமான பதிலும் தற்செயல் இல்லை. போனுக்குள் அந்தச் செயலி எங்கே உட்கார்ந்திருக்கிறது, யார் உட்கார வைத்தார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது. எதை அழுத்த வேண்டும் என்று காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அழுத்தினால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்பவை குறைவு. அது தெரியாமல் கை வைத்து, போன் ஆன் ஆகாமல் கடை கடையாக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் பூட்டி வைத்த அறை

போர்ஷன் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வீட்டைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் ஓர் அறையில் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டியிருப்பார். நம்முடைய கட்டில், பீரோ, அரிசி மூட்டை எல்லாம் மீதி இடத்தில்தான். பூட்டிய அறையின் சாவி நம்மிடம் இருக்காது.

ஆண்ட்ராய்டு போனின் ஸ்டோரேஜும் இப்படித்தான் தடுத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 'சிஸ்டம்' என்பது ஒரு பகுதி. ஆண்ட்ராய்டும், போன் கம்பெனி அதன்மேல் சேர்த்தவையும் அங்கேயும் அதை ஒட்டிய சில பகுதிகளிலும் இருக்கின்றன. போன் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த இடத்தைப் படிக்கலாம், எழுத முடியாது. இன்னொன்று 'டேட்டா' பகுதி. நாம் போடும் செயலிகள், போட்டோக்கள், வாட்ஸ்அப் வீடியோக்கள் எல்லாம் இங்கே வருகின்றன. பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருந்தாலும் பூட்டிய அறையும் அந்த 32-க்குள்தான் அடக்கம். புதுப் போனை வாங்கி ஒரு போட்டோகூட எடுக்காமல் ஸ்டோரேஜைத் திறந்து பார்த்தால், கணிசமான பங்கு ஏற்கெனவே போயிருப்பது இதனால்தான்.

இப்போது அந்த மூன்று பதில்களுக்கு வருவோம். போனோடு வந்த சில செயலிகளை கம்பெனி டேட்டா பகுதியில் வைத்து அனுப்புகிறது, அல்லது முதன்முதலில் நெட் கிடைத்ததும் தானாக இறங்கும்படி ஏற்பாடு செய்கிறது. கேம்களும் ஷாப்பிங் ஆப்களும் பெரும்பாலும் இந்த ரகம். இவற்றை முழுசாக நீக்கலாம், இடமும் திரும்பக் கிடைக்கும். இரண்டாவது ரகம் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. அதை வெளியே தூக்கிப் போட முடியாது, ஆனால் ஓடாமல் நிறுத்தி வைக்க முடியும். அந்த 'டிசேபிள்' பட்டன் 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0-இல் இருந்து இருக்கிறது. மூன்றாவது ரகமும் அதே அறைக்குள்தான். ஆனால் அதை நிறுத்தவும் கூடாது என்று கம்பெனி குறித்து வைத்திருக்கிறது. போன் பேசுவதற்கான செயலி, செட்டிங்ஸ் போன்றவற்றுக்கு அப்படிக் குறிப்பது நியாயம். விளம்பரம் காட்டும் ஒரு செயலிக்கும் அதே குறி போடப்படுவதுதான் வயிற்றெரிச்சல்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு, 32 ஜிபி போன் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது. பூட்டிய அறையில் எழுத முடியாது என்றேன். அப்படியானால் அங்கே இருக்கும் செயலிக்கு பிளே ஸ்டோரில் அப்டேட் வந்தால் அது எங்கே போகும்? டேட்டா பகுதிக்கு. பழைய பிரதி சிஸ்டத்தில் அப்படியே இருக்க, புதுப் பிரதி முழுசாக நம் இடத்தில் வந்து உட்காரும். அதாவது ஒரே செயலிக்கு இரண்டு இடம் போகிறது. அக்கா ஒரு நாளும் திறந்தே பார்க்காத செயலிகள் மாதாமாதம் அப்டேட் ஆகி அவருடைய இடத்தைத் தின்றுகொண்டிருந்தன. "நான் ஒண்ணும் போடல, ஆனா ரொம்பிப் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்புங்கள்.

சரி, அந்த அறைக்கு ஏன் பூட்டு? கம்பெனியின் பேராசை மட்டும் காரணம் என்று சொல்வது சரியில்லை. ஒரு வைரஸ் சிஸ்டம் பகுதிக்குள் எழுத முடிந்தால், ஃபேக்டரி ரீசெட் போட்டாலும் அது போகாது. அதைத் தடுக்கத்தான், அந்தப் பகுதியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனை ஆண்ட்ராய்டு 4.4-இல் வந்து, 2016-இல் வந்த 7.0-இல் கறாராக்கப்பட்டது. வங்கிக் கணக்கையே போனில் வைத்திருக்கும் காலத்தில் இந்தப் பூட்டு நமக்கும் காவல்தான். எனக்கு வருத்தம் பூட்டைப் பற்றி இல்லை. போனின் உயிர்நாடியைக் காக்கப் போட்ட அந்தப் பூட்டுக்குள்ளேயே, காசு வாங்கிக்கொண்டு யாருடைய சாமானையோ கொண்டுபோய் வைக்கிறார்களே, அதைப் பற்றித்தான்.

அறைக்குள் யாருடைய சாமான்

எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் போனில் கம்பெனிக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். சியோமி நிறுவனம் 2018 ஏப்ரலில், தன் பொருள்களின் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. பொருளில் வராத காசு விளம்பரத்திலும் கேமிலும் வேறு சேவைகளிலும் வர வேண்டும் என்பது அந்த வியாபாரத்தின் கணக்கு. பெரும்பாலான கம்பெனிகளின் விலை குறைந்த போன்கள் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. போன் எவ்வளவு விலை குறைவோ அவ்வளவு ஆப் கூட்டம். ஒரு லட்ச ரூபாய் போன் வாங்குபவருக்கு சுத்தமான திரை கிடைக்கிறது, இடமும் தாராளம். 32 ஜிபி போன் வாங்கும் மீன்காரருக்கு இருக்கிற இடத்திலும் பங்கு போய்விடுகிறது. யாருக்கு இடம் குறைவோ அவரிடமே அதிகம் எடுக்கப்படுகிறது என்பதால்தான் இதை ஒரு சில்லறைத் தொல்லையாக என்னால் விட முடியவில்லை.

சாம்சங்கின் கேலக்ஸி ஏ, எம் வரிசைப் போன்களில் 'ஆப் கிளவுட்' என்று ஒன்று வருகிறது. போனை முதலில் திறக்கும்போது, இந்த ஆப்களைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு பட்டியலை நீட்டுவது அதன் வேலை. கடையில் நமக்காகப் போனைத் திறந்து கொடுக்கும் பையன் அவசரத்தில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போவான். வீட்டுக்கு வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆப் இறங்கியிருக்கும். ரியல்மி, ஓப்போ போன்களில் 'ஹாட் ஆப்ஸ்', 'ஹாட் கேம்ஸ்' என்று ஃபோல்டர் மாதிரியே தோன்றும் ஒன்று. லாக் ஸ்கிரீனில் படமும் செய்தியும் காட்டும் 'கிளான்ஸ்', பெங்களூரில் இருந்து வந்தது. ஃபேஸ்புக் ஆப்பை நீக்கினாலும் அதன் கூட வந்த 'ஆப் இன்ஸ்டாலர்', 'ஆப் மேனேஜர்', 'சர்வீசஸ்' என்ற மூன்றும் பல போன்களில் தங்கிவிடும். அவற்றுக்கு ஐகான்கூட இருக்காது. செட்டிங்ஸில் எல்லா ஆப்களையும் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும்.

இடத்தைவிடக் கவலைப்பட வேண்டியது அனுமதி. நாம் போடும் செயலி, கேமராவையோ இருப்பிடத்தையோ தொட நம்மிடம் கேட்க வேண்டும். கம்பெனி உள்ளே வைத்த செயலிக்கு, சாதாரணச் செயலிக்குக் கிடைக்காத சிறப்பு அதிகாரங்களை அந்தக் கம்பெனியே கொடுத்து அனுப்பலாம்; நம் முன்னால் எந்தக் கேள்வியும் வராது. இதை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள் மாட்ரிட் நகரின் இம்டியா நெட்வொர்க்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும். 1,700-க்கும் மேற்பட்ட போன்களில் இருந்து போனோடு வந்த 82,000-க்கும் மேற்பட்ட செயலிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 200-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் போன்கள் அவை. விளம்பர நிறுவனங்களும் தகவல் திரட்டும் நிறுவனங்களும் அந்தச் செயலிகளுக்குள் எந்த அளவுக்குக் கலந்திருக்கின்றன என்பதை அந்த ஆய்வு காட்டியது. அதை முன்வைத்து 2020 ஜனவரியில் பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகளும் சுந்தர் பிச்சைக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. அவர் நம் சென்னையில் வளர்ந்தவர். போனோடு வந்த ஆப்பை நிரந்தரமாக நீக்க வழி வேண்டும், மற்ற செயலிகளுக்கு இருக்கும் அதே அனுமதிக் கட்டுப்பாடு இவற்றுக்கும் வேண்டும் என்பவை அதில் இருந்த கோரிக்கைகள். போனோடு வரும் செயலிகளில் 91 சதவீதம் பிளே ஸ்டோரிலேயே கிடையாது என்பதையும் அந்தக் கடிதம் சுட்டிக்காட்டியது. ஸ்டோரில் இல்லாததைப் பற்றி ஒரு ரிவ்யூ படிக்கவும் நமக்கு வழியில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் இது ஒரு கட்டத்தில் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. 2022 அக்டோபர் 20-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் தேடல், குரோம், யூடியூப் என்று மொத்தக் கட்டையும் சேர்த்தே போனில் வைக்க வேண்டும் என்று போன் கம்பெனிகளோடு கூகுள் போட்டிருந்த ஒப்பந்தம்தான் வழக்கின் மையம். அபராதத்தோடு கூட ஆணையம் சில உத்தரவுகளும் போட்டது. போனோடு வரும் கூகுள் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. 2023 மார்ச் 29-இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. நீக்கும் உரிமை பற்றிய உத்தரவும் அந்த நான்கில் போய்விட்டது. இதற்கு நடுவே கூகுள் 2023 ஜனவரியில், இந்தியாவில் போன் கம்பெனிகள் இனி தனித்தனியாகத் தங்களுக்கு வேண்டிய கூகுள் செயலிகளை மட்டும் எடுத்து வைக்கலாம் என்று அறிவித்தது. அது கம்பெனிக்குக் கிடைத்த தேர்வு. போனை வாங்கிய நமக்கு அதில் நேரடியாக ஒன்றும் இல்லை.

ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி 2024 மார்ச் 7 முதல், கூகுள், ஆப்பிள் போன்ற பெரு நிறுவனங்கள் போனோடு வரும் செயலிகளை எளிதாக நீக்க வழி செய்தாக வேண்டும். போன் ஓட அவசியமானவைக்கு மட்டும் விலக்கு. தென்கொரியா 2014-லேயே, போனோடு வரும் அவசியமில்லாத செயலிகளை நீக்கும்படி வைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை இது.

நம் அரசே இந்தப் பக்கம் ஒரு முறை கால் வைத்தது. 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில் தொலைத்தொடர்புத் துறை, 'சஞ்சார் சாத்தி' செயலியைப் புதுப் போன்கள் அனைத்திலும் 90 நாட்களுக்குள் முன்கூட்டியே போட்டு அனுப்ப வேண்டும் என்றது. அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்றும் உத்தரவில் இருந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ஆம் தேதி அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றார்கள். சஞ்சார் சாத்தி உபயோகமான செயலி. பஸ்ஸில் போனைப் பறிகொடுத்தவர்களுக்கு அதில் புகார் போட்டு போனை முடக்கிக் கொடுத்திருக்கிறேன். நல்ல செயலிதான், நானே போட்டு வைத்திருக்கிறேன். ஆனாலும் போடுவதும் எடுப்பதும் என் விருப்பமாக இருக்க வேண்டும். கேம் கம்பெனிக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயம் என்று இதில் பிரிக்க முடியாது.

கையில் எடுத்துச் செய்வது

இப்போதைக்குச் சட்டம் நமக்காக அந்த அறையைத் திறக்கப் போவதில்லை. ஆனால் சாவி இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

முதலில் செட்டிங்ஸுக்குள் போய் 'ஆப்ஸ்' பகுதியில் எல்லாச் செயலிகளையும் காட்டச் சொல்லுங்கள். அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் எது இடத்தைத் தின்கிறது என்று உடனே தெரியும். அன்இன்ஸ்டால் வருவதை எல்லாம் நீக்கிவிடலாம். டிசேபிள் மட்டும் வரும் செயலியைத் தமிழில் வைத்திருக்கும் போனில் 'முடக்கு' என்று பார்ப்பீர்கள். அதை அழுத்தினால் சில செயலிகளுக்கு, தொழிற்சாலைப் பதிப்புக்குத் திரும்பவா என்று கேட்கும். சரி என்று கொடுங்கள். மேலே சொன்ன அந்த இரண்டாவது பிரதி, அது சேர்த்து வைத்த தகவல் எல்லாம் அப்போது அழிந்து இடம் திரும்பி வரும். கேட்காவிட்டால் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்துவிட்டு, அப்புறம் முடக்குங்கள். முடக்கிய செயலி ஓடாது, நோட்டிஃபிகேஷன் அனுப்பாது, நெட் டேட்டாவைத் தின்னாது, அப்டேட்டும் ஆகாது. பூட்டிய அறைக்குள் அதன் பழைய பிரதி மட்டும் தூங்கும். அந்த இடம் மட்டும் எப்போதும் நமக்கு வராது. எந்த வீடியோ என்ன சொன்னாலும் இதை மனதில் வையுங்கள்.

முடக்க முடியாத விளம்பரச் செயலிகளையும் ஓரளவு வாயடைக்கலாம். சியோமி போன்களில் 'எம்எஸ்ஏ' என்று ஒன்று இருக்கிறது, சிஸ்டம் விளம்பரங்களுக்கு அதுதான் வாய்க்கால். செட்டிங்ஸில் அங்கீகாரம் பற்றிய பகுதிக்குள் போய் அதன் அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும். முதல் தடவையில் முடியவில்லை என்று சொல்லும். விடாமல் இரண்டு மூன்று முறை செய்தால் நின்றுவிடும். ரியல்மி, ஓப்போ போன்களில் 'ரெகமண்டேஷன்' என்று வருவதை எல்லாம் அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக இறங்கும் செயலிகள் நோட்டிஃபிகேஷன் அனுப்பவே நம் அனுமதி கேட்க வேண்டும், யோசிக்காமல் 'அலோ' தட்டாமல் இருப்பதே பாதி வேலை. இடையிடையே திரையில் தானாகத் தோன்றி ஓகே கேட்கும் சிம் மெசேஜ்கள் போன் ஆப் இல்லை, சிம்மில் இருந்து வருபவை. 'சிம் டூல்கிட்' என்ற ஐகானைத் திறந்து அதற்குள்ளேயே அதை நிறுத்தலாம். வயதானவர்கள் தெரியாமல் ஓகே தட்டி பேலன்ஸ் போனதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனில் இதை முதலில் செய்துவிடுங்கள்.

இதற்கு மேலும் போக வேண்டும் என்பவர்களுக்கு 'ஏடிபி' என்ற வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செயலி எழுதுபவர்களுக்காகக் கூகுளே கொடுக்கும் கருவி அது, திருட்டு வேலை இல்லை. 'அபவுட் போன்' பக்கத்தில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, கட்டளை எழுதி நீக்கலாம். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஓடும் போன்களில் கம்ப்யூட்டரே வேண்டாம்: வயர்லெஸ் டீபக்கிங் மூலம் 'ஷிசுகு' என்ற செயலியை ஓடவிட்டு, அதன்மேல் 'கான்டா' போன்ற ஒன்றைப் போட்டால் பட்டியலில் டிக் அடித்து நீக்கலாம்.

ஆனால் இதிலும் 'நீக்குவது' என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் கிடையாது. அந்தக் கட்டளையில் 'யூசர் 0' என்று ஒரு சொல் வரும். பூஜ்யமாவது பயனர் என்றால் நாம்தான். இந்தப் பயனருக்கு மட்டும் இந்தச் செயலி இல்லை என்று குறித்துக்கொள் என்பதே கட்டளையின் பொருள். பூட்டிய அறையை அது தொடுவதே இல்லை. அதனால்தான் போன் வழக்கம்போல ஆன் ஆகிறது, சிஸ்டம் அப்டேட் தடையில்லாமல் வருகிறது, வங்கி ஆப்களும் ஓடுகின்றன. ஃபேக்டரி ரீசெட் போட்டால் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். 'இன்ஸ்டால் எக்ஸிஸ்டிங்' என்ற கட்டளையால் ஒன்றை மட்டும் திரும்பவும் அழைத்துக்கொள்ளலாம். நெட்டில் கிடைக்கும் பல கட்டளைகளில் நடுவே 'கே' என்று ஓர் எழுத்து இருக்கும். தகவலை அப்படியே வைத்திரு என்று அதற்குப் பொருள். இடம் வேண்டும் என்று நீக்குபவர் அந்த எழுத்தோடு எழுதினால் இடம் திரும்பாது. அப்டேட்டை முதலில் எடுத்துவிட்டு, பிறகு அந்த எழுத்து இல்லாமல் நீக்குவதே சரி.

எதைத் தொடக் கூடாது என்பது இன்னும் முக்கியம். கூகுள் பிளே சர்வீசஸை எடுத்தால் பாதிச் செயலிகள் படுத்துவிடும். வெப்வியூவை எடுத்தால் உள்ளே வலைப்பக்கம் காட்டும் செயலிகள் எல்லாம் மூடிக்கொள்ளும். சியோமி போன்களில் 'ஃபைண்ட் டிவைஸ்' என்பதை ஏதோ சாதாரண ஆப் என்று நீக்கி, போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நின்ற கதைகள் ஏராளம். ஐகான்கள் இருக்கும் முகப்புத் திரையைக் காட்டும் லாஞ்சரை எடுப்பதாக இருந்தால் முதலில் இன்னொரு லாஞ்சர் போட்டிருக்க வேண்டும்.

கீபோர்டையும் எடுக்கக் கூடாது. அப்படி ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது. சித்தப்பா பையன் பர்மா பஜாரில் ஒரு கடையில் கொடுத்து, போனைச் சுத்தம் செய்யச் சொன்னான். அவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்ததில் இருந்த ஒரே கீபோர்டும் போய்விட்டது. இரவு சார்ஜ் தீர்ந்து ஆஃப் ஆகி, காலையில் ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. எழுத கீபோர்டு இல்லை. நம்பர் பின்னோ பேட்டர்னோ வைத்திருந்தால் அதற்கு லாக் ஸ்கிரீனே பட்டன் காட்டும், அவன் வைத்திருந்ததோ எழுத்து பாஸ்வேர்டு. கடைக்காரர் ரீசெட்தான் வழி என்றார். அப்படிச் செய்தால் அவன் மகள் பிறந்த நாள் போட்டோ எல்லாம் போய்விடும். வீட்டில் பழைய கம்ப்யூட்டரின் யூஎஸ்பி கீபோர்டு கிடந்தது. ஓடிஜி இணைப்பியில் செருகி, போனில் மாட்டி, அதில் பாஸ்வேர்டைத் தட்டினோம். திறந்துகொண்டது. பிளே ஸ்டோரில் ஒரு கீபோர்டை இறக்கிவிட்டு, அன்று மாலையே போட்டோக்களை வேறு இடத்துக்கு நகல் எடுத்து வைத்தோம். கை வைப்பதற்கு முன்னால் நகல் எடுங்கள் என்று யாரிடமும் நான் அழுத்திச் சொல்வது அன்றில் இருந்துதான்.

ஒரு நாளில் நாற்பது செயலியை எடுக்காதீர்கள். ஐந்து எடுங்கள், போனை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், இரண்டு நாள் பாருங்கள். எடுத்தவற்றின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் யூஎஸ்பி டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். அது திறந்திருக்கும் போனை யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஆபத்து, அது ஆனில் இருந்தால் ஓட மறுக்கும் வங்கி ஆப்களும் உண்டு.

ரூட் செய்து பூட்டையே உடைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: ஒரே போனை வைத்துப் பிழைப்பு நடத்துபவர் செய்ய வேண்டாம். போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பூட்லோடரைத் திறந்தாலே போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ரூட் செய்தால் சாம்சங் போனில் நாக்ஸ் பாதுகாப்பு நிரந்தரமாகக் கெட்டுவிடும், போன் நம்பகமானதா என்று சோதிக்கும் வங்கிச் செயலிகள் பல அதன்பின் வேலை செய்யாது. காசு வாங்கும் ஆப் ஓடாத போனை வைத்துக்கொண்டு அக்கா எப்படிக் கடை போடுவார்?

அவருடைய போனுக்கு ஏடிபி தேவைப்படவில்லை. பதினொரு செயலிகளை நீக்கினேன், ஒன்பதை முடக்கினேன், முடக்க முடியாத இரண்டின் நோட்டிஃபிகேஷனை அடைத்தேன். வாட்ஸ்அப்பில் குவிந்திருந்த காலை வணக்க வீடியோக்களை அவரைக் கேட்டுக் கேட்டு அழித்தோம். பேரன் படங்களை மட்டும் விடச் சொன்னார். நான்கு ஜிபிக்கு மேல் இடம் திரும்பி வந்தது. இடம் இல்லாததால் மாதக்கணக்கில் அப்டேட் ஆகாமல் நின்றிருந்த காசு வாங்கும் ஆப்பை அப்டேட் செய்துவிட்டு, என் போனில் இருந்து ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தேன். சத்தமாகச் சொல்லியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "இதெல்லாம் திரும்ப வராதுல்ல தம்பி?"

"போனுக்குப் பெரிய அப்டேட் ஏதாவது வந்தா, அதோட ரெண்டு மூணு வரும்க்கா. வந்தா கொண்டாங்க, பார்த்துக்கலாம்."